நாலு பெட்டிப் பஞ்சாயத்து

மேடம் வீட்டு கேட்டில் மூன்று எண்கள் இருக்கும். மனை பிரித்தபோது கொடுத்தது ஒன்று, வீடு கட்டியபின் வந்தது ஒன்று, நகராட்சிக்காரர்கள் தெருவை மறுபடி எண்ணிக்கொண்டு வந்தபோது அடித்தது ஒன்று. அந்தத் தெருவில் எல்லோரும் பழையதன்மேல் பெயின்ட் பூசிவிட்டார்கள். மேடம் மட்டும் மூன்றையும் விட்டுவைத்து, பக்கத்தில் ‘முதலில்’, ‘பிறகு’, ‘இப்போது’ என்று சின்ன எழுத்தில் எழுத வைத்திருந்தார். கூரியர்க்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு கேட்டையே படித்துக்கொண்டு நிற்பார்கள்.

“இன்னா மேடம், வூட்டுக்கு மூணு நம்பர் கீது? லாட்டரி சீட்டா?” என்று கேட்டேன்.

“பழைய நம்பரை வெச்சுக்கிட்டு ஒருத்தர் தேடிட்டு வந்தா என்ன பண்ணுவாரு பாபு? அழிச்சிட்டா, அவரு பொய் சொல்ற மாதிரி ஆயிடும் இல்ல?”

இதுதான் மேடம். போட்டதை அழிக்க மாட்டார். மேலே இன்னொன்றைப் போடுவார், எது எப்போது போட்டது என்று எழுதுவார், ஆனால் அழிக்க மாட்டார். ரப்பர் இல்லாத பென்சில் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் வீடு. ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் நடத்தினார். எனக்குக் கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் வழியில், ஒரு பிரவுசிங் சென்டர். பிரவுசிங், டி.டி.பி., ஜெராக்ஸ், பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் புதிதாகப் பூட்டிக் கொடுப்பது எல்லாம் ஒரே ரூமில். பத்தாவதில் கணக்குப் பாடத்தோடு நடந்த சண்டையில் கணக்கு ஜெயித்தது. அதற்கப்புறம் நான் கற்றதெல்லாம் திருப்புளியோடுதான். மேடம் என் கடைக்கு வந்தது ஒரு பத்திரிகை நடத்த. ஏரி, குளம், அதில் வாழும் உயிர்கள் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் எழுதும் பத்திரிகை. அச்சில் வராது, இணையத்தில் மட்டும். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். பக்கம் கட்டுவது, ஏற்றுவது, சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

“ஓசியில குட்த்தா எவன் மேடம் படிப்பான்?” என்றேன் முதல் நாளே.

“காசு வாங்கினா எவன்டா படிப்பான்?” என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

ஒருமுறை ஓர் இதழில் தண்ணீரின் வெப்ப அளவு தப்பாகப் போய்விட்டது. நான்தான் முதலில் பார்த்தேன். “பக்கத்தை மாத்திடவா மேடம்? ரெண்டு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அதைப் படிச்சுக் குறிச்சு வெச்சவங்களுக்குத் தெரியும். வெளிய விட்டாச்சு பாபு, இனிமே அதைத் தொடக் கூடாது. கீழ ஒரு குறிப்பு போடு. என்ன இருந்துச்சு, என்ன இருந்திருக்கணும், ரெண்டையும் போடு.”

அவர் வீட்டுச் சாம்பாருக்கும் இதே சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் ஊற்றும்போதே, “உப்பு ஜாஸ்தி. சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்,” என்றார். மேடத்தின் வீட்டுக்காரர், நான் சார் என்று கூப்பிடுபவர், பேங்கில் வேலை பார்த்தவர், மெதுவாக, “ஒரு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டா இழுத்துக்கும்னு சொல்வாங்க,” என்றார்.

“அப்ப அது வேற சாம்பார்,” என்றார் மேடம்.

சார் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

கடையில் விண்ணப்பம் நிரப்ப வருபவர்களுக்காக ஒயிட்னர் பாட்டில் வைத்திருப்பேன். மேடம் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார். அவர் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டிலைக் கலர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். அதை டிவி மேல் வைத்தார். அடுத்த தடவை போனபோது அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பாபு கொடுத்தது. திறக்கவில்லை.’

ஏப்ரல் ஒன்றாம் தேதி சும்மா இருக்க முடியவில்லை. பத்திரிகையின் முகப்புப் பக்கத்தில், நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் ஒரு விரால் மீனோடு நிற்கும் படத்தைப் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று கணக்கு. அதற்குள் மேடம் போன் செய்தார்.

“பாபு, அந்தப் படம்.”

“எட்த்துடறேன் மேடம், சும்மா தமாசு.”

“எடுக்காத. வெளிய வந்தது வந்ததுதான். அடியில எழுது: இந்தப் படம் ஆசிரியர் குழுவைக் கேட்காமல் வெளியானது.”

ஆக, உலகம் முழுக்க ஏரி ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லோரும் என் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக.

அவர் ஏன் அப்படி என்று ஒருநாள் தெரிந்தது. அவருடைய முதல் கட்டுரை வேறு ஓர் இணையப் பத்திரிகையில் வந்ததாம். அதை நடத்தியவர் வடக்கே ஒரு காலேஜில் இருந்தவர். அவர் ஓய்வு பெற்றார், இணைய முகவரிக்குப் பணம் கட்ட ஆளில்லை, சர்வரை யாரோ காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். என் கடையில் உட்கார்ந்து அந்த முகவரியை அடித்துக் காட்டினார். உடம்பு இளைக்க மாத்திரை விற்கும் விளம்பரம் வந்தது.

“மூணு வருஷம் சேத்துல நின்னு எழுதினது,” என்றார். சிரிக்க வைக்கிற வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு, அந்த விளம்பரத்தை மூடினேன்.

அதற்கப்புறம்தான் பெட்டிகள் வந்தன. சர்வர் ஒன்று போனால் பத்திரிகையே போய்விடும். அதனால் நாலு காலேஜ் லைப்ரரியில் நாலு கம்ப்யூட்டர் வைப்பது, ஒவ்வொன்றிலும் பத்திரிகையின் எல்லா இதழும் இருப்பது என்று ஏற்பாடு. வெளிநாட்டில் பெரிய லைப்ரரிகள் இப்படிச் செய்வதாக மேடம் படித்திருந்தார். நான் பூட்டிக் கொடுத்தேன். வண்டலூர்ப் பக்கம் ஒன்று, மாடம்பாக்கம் தாண்டி ஒன்று, மற்ற இரண்டும் இன்னும் தள்ளி. அந்தப் பெட்டிகள் சும்மா இருக்காது. அவ்வப்போது ஒன்றையொன்று கூப்பிட்டு, உன்னிடம் இருக்கும் பக்கமும் என்னிடம் இருக்கும் பக்கமும் ஒன்றா என்று சரிபார்க்கும். ஒரு பெட்டியில் மட்டும் ஏதாவது மாறியிருந்தால், அது கெட்டுப்போய்விட்டது என்று மற்ற மூன்றும் முடிவு செய்து, தங்களிடம் இருப்பதை அதன்மேல் எழுதிவிடும்.

“இது பஞ்சாயத்து மேடம்,” என்றேன். “மூணு பேரு சொன்னா நாலாவது ஆளு வாயை மூடிக்கணும்.”

மேடத்துக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. மற்ற காலேஜ்காரர்களிடம் பேசும்போதுகூட, “நம்ம பஞ்சாயத்து எப்படி இருக்கு?” என்றுதான் கேட்பார்.

இனி என் பெயர் கதை.

பள்ளிக்கூடம் கட் அடித்த நாளெல்லாம் நான் ஏரியில்தான் இருந்தேன். சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், எது எப்போது வற்றும், எந்த மதகுப் பக்கம் எந்த மீன் நிற்கும் என்பது பழக்கம். மேடம் தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஏரி மீன்களைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது, என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வந்தார். மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால் என்று இரண்டு வருஷம் சுற்றினோம். நான் வலை போடுவேன், போட்டோ எடுப்பேன். மேடம் அளப்பார், பெயர் சொல்வார். மாடம்பாக்கத்தில் ஒரு சின்ன மீனைப் பிடித்தபோது மேடம் தண்ணீருக்குள்ளேயே அசையாமல் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் அது அற்றுப்போய்விட்டது என்று புத்தகத்தில் இருந்ததாம்.

கட்டுரையைப் பக்கம் கட்டும்போது பார்த்தேன். மேலே மேடம் பெயர், காலேஜ் பெயர். அதற்கடுத்து, எம். டில்லிபாபு, கிழக்குத் தாம்பரம்.

“இன்னா மேடம் இது? என் பேரு எதுக்கு?”

“மீனைப் பிடிச்சது யாரு?”

“மீனுதான் மாட்டிக்கிச்சு.”

“செஞ்சவங்க பேரு இருக்கணும் பாபு. பக்கத்தைக் கட்டு.”

கட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டினேன். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், நீங்கள் டெல்லியில் எந்தக் காலேஜ் என்று கேட்டு மெயில் போட்டார். கிழக்குத் தாம்பரம், ஜெராக்ஸ் கடை என்று பதில் போட்டேன்.

அப்புறம் பத்திரிகைக்கு ஒரு நல்ல காலம் வந்தது. உலகத்தில் உள்ள இலவச ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் நம்பகமானவை எவை என்று பட்டியல் போடும் இடத்தில் சேர விண்ணப்பம் போட்டார் மேடம். அதில் சேர்ந்தால்தான் பத்திரிகையில் எழுதியவர்களுக்கு மதிப்பு, மேடத்துக்கும் காலேஜில் மேலே போக வழி. சர்வரைப் புதிதாக மாற்றினோம். பெட்டிகளையும் காலி செய்து, புது சர்வரிலிருந்து முதலிலிருந்தே எடுத்துக்கொள்ள வைத்தோம். “பழைய இதழ்களை மட்டும் நானே ஏத்திடறேன் பாபு. நீ முகப்பைப் பார்த்துக்கோ,” என்றார். அவர் எப்போதும் ஏற்றியதில்லை. கற்றுக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று, என் பாஸ்வேர்டையும் கொடுத்து, உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். புது முகப்பில் என் லுங்கிப் படம் வேண்டாம் என்றார். பட்டியலில் சேரப் போகிறோம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சேர்த்துக்கொண்டார்கள். மேடம் கடைக்கே ஸ்வீட் கொண்டுவந்தார்.

அதற்குள் வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்டது. சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாம் சொந்தமாக லேப்டாப் வாங்கினார்கள். என் சென்டரில் ஜெராக்ஸ் மட்டும் ஓடியது. அந்த நேரத்தில்தான் வேளச்சேரியில் ஓர் அறக்கட்டளை, ஏரிகளைக் கணக்கெடுக்க ஆள் எடுத்தது. டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலையில் அனுபவம் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். என்னிடம் உலகமே பார்க்கிற ஆதாரம் இருந்தது. கடையை மூடிவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

நேர்காணலில் ஒருவர்தான் இருந்தார். “பத்தாவது பெயில்னு போட்டிருக்கீங்க. பேப்பர் எழுதியிருக்கேன்னும் போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். நெட்ல கீது. இப்பவே பாருங்க.” அவர் திறந்துகொண்டிருக்கும்போதே நான் பெட்டிகளைப் பற்றிப் பெருமை அடிக்க ஆரம்பித்தேன். நாலு காலேஜில் நாலு காப்பி, நானே பூட்டியது, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், எவனும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

மேடம் பெயர் இருந்தது. காலேஜ் பெயர் இருந்தது. அதற்கடுத்து நேராகக் கட்டுரை ஆரம்பித்தது. கடைசியில் நன்றி என்ற இடத்தில் ஒரு வரி: மீன் பிடிக்க உதவிய உள்ளூர் உதவியாளருக்கு நன்றி.

திருத்தம் என்று கீழே எந்தக் குறிப்பும் இல்லை.

பையில் என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பழைய பிரின்ட் இருந்தது. நீட்டினேன். “இதுதான் சார் மொதல்ல வந்தது.”

அவர் அதைப் பார்த்தார், என் விண்ணப்பத்தைப் பார்த்தார். “நீங்க டி.டி.பி. பண்றவர்தானே?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “இப்பதான் சொன்னீங்க, நாலு இடத்துல இருக்கறதை யாராலயும் மாத்த முடியாதுன்னு.”

எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

நேராக சேலையூர் போனேன். சாரும் மேடமும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், ஒரு சின்ன டவுட்டு,” என்றேன். “மாடம்பாக்கம் ஏரியில ஒரு பேரைத் தொலைச்சிட்டேன். நீங்க பார்த்தீங்களா?”

மேடம் டிவியை அணைத்தார். “உக்காரு பாபு.”

“நின்னுக்கறேன்.”

“பட்டியல்ல சேரணும்னா எழுதின ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலேஜோ, ஒரு நிறுவனமோ காட்டணும்னு சொன்னாங்க. ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன். ஒத்துக்கல. ஒரு பேருக்காக மொத்தப் பத்திரிகையும் நின்னுச்சு.”

“கிழக்குத் தாம்பரம்னு போட்டிருந்தீங்களே. அது ஊரு இல்லியா?”

அவர் கையிலிருந்த ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எட்த்துடுங்க மேடம்னு நானே சொல்லியிருப்பேன்.”

“தெரியும். நீ சரின்னுதான் சொல்லுவே. அதைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல.”

“என் பாஸ்வேர்டை வாங்க மட்டும் மூஞ்சி இருந்துச்சா?”

சார் எழுந்து, சமையல் அறைக்குப் போய் விளக்கைப் போட்டார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை.

“சரி மேடம். பேரைத் திரும்பப் போட வேணாம். கீழ ஒரு குறிப்பு போடுங்க. மொதல்ல இன்னா இருந்துச்சு, இப்ப இன்னா இருக்குதுன்னு. அது போதும். வேளச்சேரியில ஏரி கணக்கெடுக்கற வேலைக்கு ஆதாரம் கேக்கறாங்க, அதைக் காட்டிக்குவேன்.”

மேடம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “குறிப்பு போட்டா, சேர்க்கறதுக்கு முன்னாடி மாத்தினோம்னு தெரிஞ்சுபோயிடும். பட்டியல்ல இருந்து பத்திரிகையைத் தூக்கிடுவாங்க. அதுல எழுதியிருக்கற பிள்ளைங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க? அந்த வேலைக்கு நான் லெட்டர் தரேன் பாபு. நல்லா எழுதித் தரேன்.”

“லெட்டர்ல எம் பேரு இருக்குமா, உள்ளூர் உதவியாளர்தானா?”

அதற்கு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதுவரைக்கும் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். எதுவும் அவரைத் தொட்டதில்லை. இது தொட்டது. பிறகு, என்னிடம் எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

“வெளிய போயாச்சு பாபு. நாலு லைப்ரரி எடுத்து வெச்சாச்சு. இனிமே அதைத் தொடக் கூடாது.”

அதை ஒரு சாக்காக அவர் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் அதை நம்பித்தான் சொன்னார். டிவி மேல் ஒயிட்னர் பாட்டில் அப்படியே இருந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட் வரைக்கும் வந்தார். கூப்பிடவில்லை.

வேளச்சேரி வேலை கிடைக்கவில்லை. கடையை மூடி, வீடுகளுக்குக் கேமரா மாட்டும் வேலைக்குப் போனேன். சர்வரை மேடம் வேறு யாரிடமோ கொடுத்தார். ஆனால் பெட்டி கெட்டால் மட்டும் காலேஜ்காரர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பூட்டியவன் நான்தானே.

ஒருநாள் வண்டலூர்ப் பக்கத்துக் காலேஜிலிருந்து லைப்ரரி அக்கா போன் செய்தார். பெட்டி எழுந்திருக்கவே இல்லையாம். போய்ப் பார்த்தேன், ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதிது போட்டேன். அந்தக் காலேஜில் இணையம் ஆமை வேகம். அதனால் இப்படி டிஸ்க் மாற்றும்போதெல்லாம் என்னிடம் இருக்கும் காப்பியிலிருந்து இதழ்களை ஏற்றிவிட்டு, விட்டுப்போனதை மட்டும் பெட்டியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது வழக்கம். என் டிஸ்கில் இருந்தது முதலில் வந்த இதழ், நான் கட்டிய பக்கம். அதையே ஏற்றினேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. மற்ற மூன்று பெட்டிகளில் இரண்டிலும் இதையே போட்டால் பஞ்சாயத்து என் பக்கம் வந்துவிடும் என்பதும் தெரியும். போட்டிருந்தால், அந்த வேளச்சேரிக்காரர் என்னை என்னவாக நினைத்தாரோ அதுவாகவே ஆகியிருப்பேன். ஒரு பெட்டியில் மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரமாவது அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று கேமராவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார்.

“பாபு, பெட்டியில என்னவோ வந்திருக்குப்பா. ஒரு ஃபைல் டேமேஜ்னு போட்டிருக்கு.”

“எந்த ஃபைல்னு போட்டு கீதுக்கா?”

எழுத்துக் கூட்டிப் படித்தார். எங்கள் மீன் கட்டுரைதான்.

“அதுக்குக் கீழ, மத்த பெட்டிங்ககிட்ட கேட்டு சரி பண்ணியாச்சுன்னு வந்திருக்கு,” என்றார் அக்கா. “பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே? நீ வந்து பாக்கணுமா?”

“வேணாங்க்கா,” என்றேன். “நான் பூட்டின பெட்டி. ஒயுங்காத்தான் வேலை செய்யுது.”